அவருக்கு நூறு கொட்டு, எனக்கு ஒரே கொட்டு

கேள்வி: என் கணவர் ஒன்பது வருடமாகத் தேனீ வளர்க்கிறார். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கொட்டு வாங்குவார். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். என்னை இதுவரை கொட்டியது மூன்றே முறை. முதல் இரண்டு தடவை கை வீங்கியதோடு சரி. போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் ஒன்று கொட்டியது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைப்பு, கண் இருட்டி விழுந்துவிட்டேன். மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இப்போது அலர்ஜி மருத்துவர் அதே தேனீ விஷத்தையே மூன்று முதல் ஐந்து வருடம் ஊசியாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். கணவரோ, "அதை நம்ம பெட்டியிலேயே பண்ணிடலாமே, வாரம் ஒரு தேனீயைக் கையில் வைத்துக் கொட்ட விட்டால் பழகிவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? விஷத்துக்கு உடம்பு பழகுகிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? இனி நான் பெட்டிப் பக்கமே போகக் கூடாதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு தேனீ என்ற யோசனையை இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே கைவிட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது முழுக்கப் பிதற்றல் என்று சொல்ல மாட்டேன். அதில் பாதி சரி. எனக்குக் கவலையே அந்தப் பாதியால்தான், கேட்பவர் நம்பிவிடுவார்.

உங்களுக்கு நடந்ததிலிருந்து தொடங்குவோம். முதல் கொட்டில் கை வீங்கியதோடு முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும். உள்ளே உங்கள் நோயெதிர்ப்பு மண்டலம் அன்றைக்கே பாடம் படிக்க உட்கார்ந்துவிட்டது. தேனீ விஷத்தில் எடைக்கணக்கில் பாதி மெலிட்டின் என்ற பொருள். கொட்டிய இடம் கடுகடுவென்று எரிவது அதனால்தான். ஆனால் அலர்ஜியைப் பொறுத்தவரை பெரிய ஆசாமி பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற புரதம். உங்கள் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஇ என்ற ரக ஆன்டிபாடியை (அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) தயாரித்தது. ஐஜிஇ ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும் ரகம் இல்லை. தோல், மூச்சுக்குழாய், ரத்தக்குழாய்களின் ஓரம் என்று ஆங்காங்கே குடியிருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாஸ்ட் செல்லுக்குள்ளும் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள் பொட்டலம் பொட்டலமாக அடைந்து கிடக்கும். போன மாதம் கழுத்தில் இறங்கிய விஷப் புரதம் அந்த ஐஜிஇ-களைப் பிடித்து இழுத்ததும், உடம்பு முழுக்க இருந்த பொட்டலங்கள் ஒரே நேரத்தில் உடைந்தன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் விழுந்தது. கண் இருட்டியது அதனால். தொண்டை வீங்கியது. இதற்குத்தான் அனாஃபிலாக்சிஸ் என்று பெயர்.

இதைக் கேட்டுவிட்டு யாராவது உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று சொன்னால் நம்பாதீர்கள். தேவையில்லாத இடத்தில், தேவைக்கு மேல் வேலை செய்த எதிர்ப்பு சக்தி அது.

சரி, உங்கள் கணவருக்கு என்ன ஆயிற்று? அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அவருக்கும் தேனீ விஷத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், உங்களைவிடப் பல மடங்கு கூடுதலாகவே இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஐஜிஜி-4 என்ற வேறொரு ரகம். அது மாஸ்ட் செல்லை வெடிக்க வைக்காது. ரத்தத்திலேயே மிதந்துகொண்டிருந்து, விஷப் புரதம் ஐஜிஇ-யின் கைக்குப் போய்ச் சேரும் முன்பே அதைப் பிடித்து மூடிப் போட்டுவிடும். இரண்டு பேர் உடம்பும் ஒரே பொருளை அடையாளம் கண்டிருக்கின்றன. அதைக் கண்டதும் என்ன செய்வது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

இது எல்லாம் ரத்தத்தில் ஓடுகிற விஷயம் என்பதற்கு இரண்டு பழைய சோதனைகள் உண்டு. இப்போது யாரும் அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். 1921-ல் ஜெர்மனியில் ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சீரத்தை, அதாவது ரத்த அணுக்களை நீக்கிய தெளிந்த நீரை, எடுத்துத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார் கார்ல் பிரௌஸ்நிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் செலுத்தியதும், மீன் அலர்ஜியே இல்லாத பிரௌஸ்நிட்ஸின் தோல் தடித்துச் சிவந்தது. அலர்ஜி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சீரம் வழியாகவே போய்விட்டது. அப்புறம் 1970-களின் பிற்பகுதியில் இதன் மறுபக்கத்தைச் செய்து பார்த்தார்கள். தேனீ வளர்ப்பவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடிகளை விஷ அலர்ஜி உள்ளவர்களுக்கு ஏற்றிவிட்டு, தேனீ விஷத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். உங்கள் கணவர் போன்ற ஒருவரின் ரத்தம் உங்களைப் போன்ற ஒருவருக்குத் தற்காலிகக் கேடயமாக நின்றது. (அவரிடம் இதைச் சொல்லி வைக்காதீர்கள், ரொம்பப் பெருமைப்படுவார்.)

ஆன்டிபாடி கடைசியில் தெரிகிற விளைவுதான். அதை எந்த ரகமாகத் தயாரிப்பது என்று தீர்மானிப்பதில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் கை பெரிது. 2008-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகர ஆய்வாளர்கள் அலர்ஜி இல்லாத தேனீ வளர்ப்பாளர்களின் ரத்தத்தைப் பருவம் தொடங்குவதற்கு முன்பும், கொட்டு வாங்க ஆரம்பித்த பிறகும், பருவம் முடிந்த பிறகும் எடுத்துப் பார்த்தார்கள். கொட்டு ஆரம்பித்த ஒரு வாரத்துக்குள்ளேயே விஷத்தை அடையாளம் காணும் டி செல்கள் குணம் மாறியிருந்தன. அழற்சியைத் தூண்டுவதை விட்டுவிட்டு, ஐஎல்-10 என்ற அமைதிப்படுத்தும் பொருளைச் சுரந்துகொண்டிருந்தன. கொட்டு நின்று இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டன. அதாவது உங்கள் கணவருடைய பழக்கம் ஒரு தடவை வாங்கினால் என்றைக்கும் கையில் இருக்கும் சொத்து இல்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய உரிமம் மாதிரி. நீண்ட இடைவெளிக்குப் பிறகு பெட்டியைத் திறக்கும் முதல் சில நாட்களில் அவரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. வருடத்துக்கு 200 கொட்டுக்கு மேல் வாங்கும் தேனீ வளர்ப்பாளர்களுக்கு அலர்ஜி வருவது அபூர்வம். எப்போதாவது ஒன்றிரண்டு கொட்டு வாங்குபவர்களுக்குத்தான் அதிகம்.

அந்த "எப்போதாவது" கணக்கில் வருபவர் நீங்கள். தேனீ வளர்ப்பவர்களின் வீட்டாருக்கு விஷ அலர்ஜி வருவது எங்கள் அலர்ஜி மருத்துவத் துறையில் பழகிப்போன கதை. அவருக்குக் கிடைப்பது அடிக்கடி, அதிக அளவு. வீட்டாருக்கு அங்கொன்று இங்கொன்று. போதாததற்கு அவர் உடுப்பில் ஒட்டிக் காய்ந்த விஷத் துகளும் தோலிலும் மூச்சிலும் படலாம். சகிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட மோசமான வகுப்பறை கிடைக்காது.

"பழகுவது" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. புதுச் செருப்பு கடித்துக் கடித்துக் கால் காய்த்துப்போகும், அப்புறம் உறைக்காது. நோயெதிர்ப்பு மண்டலம் பழகுவது அப்படி இல்லை. அது மரத்துப்போவதில்லை. பொருளைப் பார்க்கிறது, தெரிந்துகொள்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுக்கிறது, அந்த முடிவைக் காப்பாற்ற ஆட்களையும் நிறுத்தி வைக்கிறது. சும்மா இருப்பதற்கு அது அவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதை மனிதர்கள் புரிந்துகொண்டதற்குக் கன்றுக்குட்டிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1945-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தை ஆராய்ந்தார். ஒரே கருவில் பிளந்தவை அல்ல, தனித்தனிக் கருக்கள். ஆனால் வயிற்றுக்குள் ரத்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்டவை. வளர்ந்த பிறகும் ஒவ்வொரு கன்றின் உடம்பிலும் மற்றதன் ரத்த அணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. சட்டப்படி அந்நியர்கள், ஆனால் யாரும் யாரையும் விரட்டவில்லை. இதைக் கையில் பிடித்துக்கொண்டு 1953-ல் பீட்டர் மெடாவர், பில்லிங்காம், பிரென்ட் மூவரும் எலிக் கருக்களுக்கு வேறு வம்ச எலிகளின் செல்களைச் செலுத்தினார்கள். பிறந்து வளர்ந்த பிறகு அந்த எலிகளில் சில, அந்த வேறு வம்சத்தின் தோலை ஒட்டியபோது உதறவில்லை. பழுப்பு எலியின் மேல் வெள்ளை முடியோடு ஒரு திட்டு, நிம்மதியாக வளர்ந்துகொண்டிருந்தது. சகிப்பு என்பது பிறவியிலேயே எழுதி வைத்ததில்லை, கற்றுக்கொடுக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மெடாவருக்கும், இப்படி நடக்கும் என்று முன்பே ஊகித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட்டுக்கும் 1960-ல் நோபல் கிடைத்தது.

ஆனால் நீங்கள் கருவில் இல்லையே! வளர்ந்த உடம்பு எப்படிக் கற்கும்?

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்களின் பள்ளிக்கூடம் அது, ரொம்பக் கண்டிப்பான பள்ளி. சொந்த உடம்பின் புரதங்களைக் காட்டிப் பரீட்சை வைக்கும். அவற்றைத் தாக்கத் துடிக்கும் செல்லை அங்கேயே ஒழித்துவிடும். உதவாத செல்களும் அங்கேயே மடியும். உள்ளே போகும் நூறில் சிலதான் வெளியே வரும். ஆனால் தேனீ விஷம், மகரந்தம், உணவுப் புரதம் எல்லாம் தைமஸின் பாடப் புத்தகத்தில் இல்லை. அவற்றை உலகத்தில்தான் சந்திக்க வேண்டும். அதற்காக உடம்பு வைத்திருப்பது ஒழுங்குமுறை டி செல்கள். மற்ற செல்கள் கை ஓங்கும்போது "விடு, வேண்டாம்" என்று அடக்குவது இவற்றின் வேலை. ஜப்பானின் ஷிமோன் சாகாகுச்சி 1995-ல் இவற்றை அடையாளம் காட்டினார். 2001-ல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், பிறந்த சில வாரத்தில் செத்துப்போகும் ஒரு வகை எலியை ஆராய்ந்து, அதில் பழுதான மரபணு ஃபாக்ஸ்பி-3 என்று கண்டார்கள். ஒழுங்குமுறை டி செல்கள் உருவாக அந்த மரபணு வேண்டும். அதே மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் குடல், தோல், கணையம் எல்லாவற்றையும் சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்குகிறது. அடக்குபவர் இல்லாவிட்டால் வீடு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குழந்தைகள் சாட்சி. இந்த மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இந்தச் செல்களை ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு ஆதரவாகத் திருப்புவது எப்படி என்பதுதான் உங்கள் சிகிச்சையின் கேள்வி. அது நான்கு விஷயத்தைப் பொறுத்தது: பொருள் எந்த வழியாக நுழைகிறது, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை, நுழையும்போது அந்த இடத்தில் ரணம் அழற்சி ஏதும் இருக்கிறதா. வழிக்கு நல்ல உதாரணம் குடல். தினமும் எத்தனையோ கிராம் அந்நியப் புரதத்தை விழுங்குகிறோம். குடல் சண்டை போடுவதில்லை. 1911-லேயே, முட்டை வெள்ளைக்கருவைத் தீவனமாகத் தின்று வளர்ந்த கினிப் பன்றிகளுக்கு அதே வெள்ளைக்கருவை ஊசியில் ஏற்றி அதிர்ச்சி வரவழைக்க முடியவில்லை என்று பார்த்துவிட்டார்கள். அதே உணவுப் புரதம் எக்ஸிமா என்ற அரிக்கும் தோல் நோய் வந்து வெடித்த தோல் வழியாக நுழைந்தால் கதை வேறு. அங்கே ஐஜிஇ பக்கம் சாய்கிறது. குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலையைக் காட்டாதீர்கள் என்று எங்கள் தொழிலே பல வருடம் அறிவுரை சொன்னது. நல்ல எண்ணம்தான். 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு வேர்க்கடலையை வாயால் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தவிர்த்தார்கள். ஆரம்பத் தோல் பரிசோதனையில் அலர்ஜி தெரியாத குழந்தைகளை ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்துக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதத்துக்கு. நாங்கள் வாய் என்ற கதவைச் சாத்தியதுதான் மிச்சம்; தோல் என்ற ஜன்னல் திறந்தே கிடந்தது. (ஏற்கனவே அலர்ஜி உள்ள குழந்தைக்கு இதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் ஊட்டிவிடாதீர்கள். அது வேறு கணக்கு.)

இப்போது வாரம் ஒரு தேனீக்கு வருகிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்று உங்கள் கணவருக்கு முன்பே ஒருவர் நினைத்தார், அவர் சாதாரண ஆளும் இல்லை. ஷார்ல் ரிஷே, பிரான்சின் பெரிய உடலியல் விஞ்ஞானி. 1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் பால் போர்ட்டியேவோடு போய்க் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தார். கரைக்கு வந்து, கடல் சாமந்தி என்ற, பூப்போலத் தோன்றும் கடல் பிராணியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்குக் கொடுத்துப் பழக்க முயன்றார்கள். நெப்டியூன் என்று ஒரு நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசியில் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து அதே சிறு அளவு. சில நொடிகளில் மூச்சு வாங்கியது, நிற்க முடியாமல் சரிந்தது, 25 நிமிடத்தில் செத்துப்போனது. பாதுகாப்பை எதிர்பார்த்த இடத்தில் அதன் நேர் எதிர் வந்ததால், பாதுகாப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத் திருப்பிப் போட்டு அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் சொல்லே பழக்கப் பார்த்துத் தோற்றுப்போன ஒரு சோதனையில் பிறந்ததுதான்.

"ஒரு தேனீ கொட்டிப் பார்ப்போம், ஒன்றும் ஆகாவிட்டால் தொடரலாம்" என்ற வாதமும் செல்லாது. உங்களைப் போலக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களிலும் கணிசமானவர்களுக்கு அடுத்த கொட்டில் ஒன்றும் ஆகாமல் போவதுண்டு. பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள், அதற்கு அடுத்தது விழுத்தாட்டும். 2018-ல் ஸ்பெயினிலிருந்து ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. 55 வயதுப் பெண் ஒருவர், தசை இறுக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் என்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை உயிருள்ள தேனீயைக் கொட்ட வைக்கும் வைத்தியத்தை இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கொட்டிய உடனேயே மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார்; காப்பாற்ற முடியவில்லை. தேனீ அளந்து கொட்டாது. ஒரு கொட்டில் சராசரி 50 மைக்ரோகிராம் விஷம் இறங்கும். சமயத்தில் நூறையும் தாண்டும். உங்களுக்கு முதல் நாள் மருத்துவர் போடப்போகும் ஊசியில் இருப்பது ஒரு மைக்ரோகிராமிலும் சிறு பகுதி.

அந்த ஊசிக்கும் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1911-ல் லண்டனில் லியோனர்ட் நூன், புல் மகரந்தச் சாற்றைச் சிறுகக் கூட்டிக்கூட்டி ஊசியாகப் போட்டு மகரந்தக் காய்ச்சலைக் குறைத்தார். மகரந்தத்தில் நச்சு இருக்கிறது, அதற்கு முறிவு உண்டாகிறது என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு, விடை சரி! தேனீ விஷயத்தில் இதற்கு நேர்மாறான கூத்து நடந்தது. பல பத்தாண்டுகள் தேனீயை முழுசாக அரைத்து வடித்த சாற்றை ஊசியாகப் போட்டுவந்தார்கள். கொடுத்தவரும் நம்பினார், போட்டுக்கொண்டவரும் நம்பினார். 1978-ல் அமெரிக்காவில் ஒழுங்காக ஒப்பிட்டார்கள்: ஒரு குழுவுக்குச் சுத்தமான விஷம், ஒரு குழுவுக்கு அரைத்த சாறு, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத ஊசி. பிறகு மருத்துவமனையில் வைத்தே கொட்ட விட்டார்கள். அரைத்த சாறு போட்டவர்களில் பாதிக்கு மேல் விழுந்தார்கள், வெறும் ஊசி போட்டவர்களைப் போலவே. விஷம் போட்டவர்களில் ஒருவருக்குத்தான் தொந்தரவு. மருத்துவர் உங்களுக்கு "அதே விஷத்தையே" கொடுப்பதற்குக் காரணம் இதுதான். எந்தப் பொருளைச் சகிக்க வேண்டுமோ அந்தப் பொருளைத்தான் காட்ட வேண்டும்.

நடைமுறை எப்படி இருக்கும்? வழக்கமான முறையில் மூன்று நான்கு மாதம் வாராவாரம் ஊசி, ஒவ்வொரு முறையும் அளவு கூடும். வேகமான முறையில் சில நாட்களிலேயே மருத்துவமனையில் படுக்க வைத்து ஏற்றிவிடுவார்கள். இலக்கு பெரும்பாலும் 100 மைக்ரோகிராம்; ஏறத்தாழ இரண்டு தேனீ கொட்டிய அளவு. அங்கே வந்து சேர்ந்தபின் மாதம் ஒரு ஊசி, பிறகு ஆறு எட்டு வாரத்துக்கு ஒன்று. மேல்கையின் பின்பக்கம் தோலுக்கடியில் போடுவார்கள். சற்று நேரத்தில் நாணயம் அளவுக்குத் தடித்து அரிக்கும். நர்ஸ் பேனாவால் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போவார், வீக்கம் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க. அரை மணி நேரம் காத்திருப்பு அறையை விட்டு நகரக் கூடாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், அவசரமாகப் போக வேண்டும் என்ற ஒருவரைப் பதினைந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். மாடிப்படி இறங்கும்போதே உடம்பெல்லாம் அரித்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, படியில் உட்கார்ந்தார், வண்டியில் இல்லை. அன்றிலிருந்து கடிகாரத்தைக் காட்டி யார் கெஞ்சினாலும் நான் மசிவதில்லை.

உள்ளே நடப்பது ஒரே சீராக நடக்காது. முதலில், ஆரம்ப நாட்களிலேயே, மாஸ்ட் செல்கள் சட்டென்று வெடிக்கும் குணம் தணிகிறது. இது தற்காலிகத் தணிப்பு. பென்சிலின் அலர்ஜி உள்ள ஒருவருக்கு அந்த மருந்து கட்டாயம் தேவைப்படும்போது, சில மணி நேரத்தில் துளித்துளியாகக் கூட்டி முழு அளவைக் கொடுத்துவிடுவோமே, அது இந்த வகை. மருந்தை நிறுத்திச் சில நாளானால் அலர்ஜி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் சிகிச்சை அதோடு நிற்பதில்லை. வாரங்கள் போகப்போக ஒழுங்குமுறை டி செல்கள் பெருகுகின்றன, ஐஎல்-10 சுரக்கிறது, ஐஜிஜி-4 ஏறுகிறது. உங்கள் கணவரின் உடம்பில் தாறுமாறாக நடந்ததை இங்கே அளந்து நடத்துகிறோம். ஐஜிஇ மட்டும் முதல் சில மாதம் குறைவதற்குப் பதில் கூடும். இடையில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு "ஐயோ, அதிகமாகிவிட்டதே" என்று பதறிச் சிகிச்சையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். அது மெதுவாக, வருடக் கணக்கில் இறங்கும். மூன்று முதல் ஐந்து வருடம் என்று சொல்வதும் இதற்காகத்தான். சீக்கிரம் நிறுத்தினால் பாடம் மறந்துபோகும்.

பலன்? குளவி விஷத்துக்கு நூறில் தொண்ணூறுக்கு மேல் பாதுகாப்பு கிடைக்கிறது. தேனீக்குச் சற்றுக் குறைவு, எண்பது வாக்கில். பாதுகாப்பு கிடைக்காதவர்களுக்கு அளவைக் கூட்டிப் பார்ப்போம். சிகிச்சையை நிறுத்திய பிறகும் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு நிலைக்கிறது, சிலருக்கு நழுவுகிறது. ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் வெளிவிடும் ஒரு பொருள்) அளவைப் பார்த்தார்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் மாஸ்ட் செல்களே அளவுக்கு மீறிப் பெருகிய நோய் ஒன்று மறைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசியை நிறுத்தச் சொல்வதில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், அனாஃபிலாக்சிஸுக்கு ஊசியாகப் போடும் அட்ரினலினை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும். தோல் பரிசோதனையைக் கொட்டிய நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்வது நல்லது. அவசரப்பட்டால் ஒன்றுமில்லை என்று பொய்யாகக் காட்டக்கூடும்.

அதுவரை அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை, நீங்கள் போகுமிடமெல்லாம் கூடவே வர வேண்டும். அதைப் போடும் முறையை உங்கள் கணவரும் பழகட்டும். ஏதாவது பழகியே தீருவேன் என்றால் இதைப் பழகட்டும். தேனீ கொட்டினால் கொடுக்கைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். தேனீ பறந்துபோன பின்னும் கொடுக்கோடு ஒட்டியிருக்கும் பை விஷத்தை இறக்கிக்கொண்டேதான் இருக்கும், எப்படி எடுத்தாலும் வேகம்தான் முக்கியம். மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ, கொட்டிய இடத்துக்குத் தொலைவில் தடிப்பு கிளம்பினாலோ, தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசியைப் போட்டுவிட்டுப் படுங்கள். காலை உயர்த்திக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலால் படுக்க முடியாவிட்டால் சாய்ந்து உட்காரலாம். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து நடந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் ரத்த அழுத்தம் சரியும். அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டு ஊசியைத் தள்ளிப்போடுவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. ஊசி போட்டுச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரலாம்.

பெட்டிப் பக்கம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முழு அளவுக்கு வந்து சேர்ந்து, மருத்துவர் சரி என்ற பிறகு, முகவலையும் கையுறையும் போட்டுக்கொண்டு, பையில் ஊசியோடு போகலாம். இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டே தேனீ வளர்ப்பைத் தொடர்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அதற்கு முன்னால் உடனே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்கள் கணவர் பெட்டி வேலைக்குப் போடும் உடுப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றி, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். நீங்கள் துவைக்காதீர்கள். அவரே துவைக்கட்டும்.